ஊடகம் படிக்க ஆசைப்படும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு: கேள்வி பதில்

உயர்தரப் பெறுபேறு வந்த நாளிலிருந்து ஊடகப் படிப்பைப் பற்றிப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டபடி இருக்கிறார்கள். நான் கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் படித்தவன். 14 வருடமாக இந்த மாவட்டத்திலேயே செய்தியாளராக இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மூதூர் மாணவி: அண்ணா, ஊடகம் படிக்கிறதெண்டால் கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகத்தான் வேணுமா?

தேவையில்லை தங்கச்சி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் துறை உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதாமல் போனால் மனம் உடைய வேண்டாம். கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரி 2004 முதல் டிப்ளோமா நடத்துகிறது. எதற்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இந்த வருடக் கைநூலை நீங்களே வாசித்துத் தகைமையைப் பாருங்கள். ரியூசனில் கேட்டதை நம்பி விண்ணப்பம் நிரப்பக் கூடாது.

கிண்ணியாவிலிருந்து ஒரு தந்தை: மகள் இதைத்தான் படிப்பேன் என்கிறாள். வேலை கிடைக்குமா? ஆபத்தான தொழில் என்றும் சொல்கிறார்களே.

நானா, மறைக்காமல் சொல்கிறேன். பிராந்தியச் செய்தியாளர் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை, பிரசுரமாகும் செய்திக்குத்தான் காசு. அதனால் வேறு தொழிலும் செய்துகொண்டே எழுதுகிறார்கள். என்னோடு படித்தவர்களில் ஆசிரியர், வானொலி அறிவிப்பாளர், தொண்டு நிறுவன அலுவலர் என்று இருக்கிறார்கள். பட்டம் வீண்போகாது.

ஆபத்து விடயத்தில் உங்கள் பயம் நியாயமானது. 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் 5 மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. சுடர் ஒளி பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறையில் எடுத்த படங்களோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்தப் படங்கள் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளின் சாவு கைக்குண்டுக் கணக்கிலேயே முடிந்திருக்கும். மகள் எந்த ஊரில் நின்று இந்தத் தொழிலுக்கு வரப் போகிறாள் என்பதை அவளும் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

இரண்டாம் வருட மாணவர்: விரிவுரை முழுக்கக் கோட்பாடு அண்ணா. செய்தி எழுத எங்கே பழகுவது?

கோட்பாட்டைத் தள்ளிவிடாதீர்கள் தம்பி, அதன் அருமை பிறகு தெரியும். எழுதப் பழகுவதற்குக் கம்பஸிலிருந்து நடக்கிற தூரத்தில் கடல் இருக்கிறது. விடியப்புறம் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். எத்தனை பேர் இழுக்கிறார்கள், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு எவ்வளவு, இழுத்தவருக்கு எவ்வளவு, கிலோ என்ன விலைக்குப் போனது என்று கேட்டுக் குறியுங்கள். ஒருவர் சொன்ன தொகையை இன்னொருவரிடமும் கேளுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் அங்கேதான் செய்தி இருக்கிறது.

நான் இதைப் பட்டுத்தான் படித்தேன். முதல் வருடம், வீதி விபத்தில் இறந்த ஒருவரின் பெயரைத் தொலைபேசியில் கேட்டு அனுப்பினேன். முதலெழுத்தைச் சரிபார்க்கவில்லை. அதே கிராமத்தில் அதே பெயரில் இன்னொருவர் இருந்தார். காலையில் பத்திரிகை பார்த்துவிட்டு உறவுகள் அழுதுகொண்டு அவர் வீட்டுப் படலையைத் திறக்க, அவருடைய அம்மா கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்திருக்கிறார். நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, கதிரையை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து பெயர், வயது, ஊர் மூன்றையும் வீட்டாரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டாமல் நான் செய்தி அனுப்பியதில்லை.

தம்பலகாமம் இளைஞர்: அதிகாரிகள் வாய் திறக்காவிட்டால் என்ன செய்வது?

எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. செய்தியாளர் அட்டை தேவையில்லை, இந்நாட்டுப் பிரசை எவரும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் வேண்டாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். மறுத்தால் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

2021 நவம்பர் 23 காலை கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடியாததால் ஓடிய இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். பாலவேலை ஏன் இழுபட்டது, படகுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று எல்லோரும் அன்றைக்குக் கேட்டோம். அப்படிப்பட்ட கேள்விகளை விபத்துக்கு முன்னமே விண்ணப்பமாகப் போடுகிற ஒரு பிள்ளை ஒவ்வொரு ஊரிலும் வேண்டும். "பாலம் எப்போது முடியும்?" என்று கேட்டால் ஒற்றை வரியில் பதில் வரும். ஒப்பந்தப் பிரதி, கொடுத்த பணம், முன்னேற்ற அறிக்கை என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

உப்புவெளி மாணவி: சிங்களம் கட்டாயமா?

பரீட்சைக்கு இல்லை, தொழிலுக்குக் கட்டாயம். பொலிஸ் நிலையத்திலும் துறைமுகத்திலும் மொழிபெயர்க்க ஆள் தேடினால் பாதிச் செய்தி கைநழுவும். முதலாம் வருடத்திலேயே தொடங்குங்கள்.

அதே மாணவி: கமரா வாங்க வசதியில்லை அண்ணா.

கையில் இருக்கும் போன் போதும். காற்றிரைச்சல் விழாமல் குரல் பதிவதற்கு ஒரு சின்ன மைக் மட்டும் வாங்குங்கள். கடற்கரையில் அது இல்லாமல் ஒரு பேட்டியும் தேறாது.