பேடு 4 மி.மீ. இருக்கிறது, டிஸ்க்கையும் மாற்றணுமா?

முன்பக்க பிரேக் பேடு 4 மி.மீ. மீதமிருக்கிறது, காலையில் மட்டும் கீச்சுச் சத்தம், மெக்கானிக் அந்தப் பேடு அழுத்திப் பிடிக்கும் டிஸ்க்கையும் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) சேர்த்து மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பதற வேண்டாம். புது பேடு பொதுவாக 10 முதல் 12 மி.மீ. இருக்கும், 3 மி.மீ.க்கு வந்ததும் மாற்றிவிடுவது நல்லது.

ஆனால் அந்த 4 எந்தப் பேடில் அளந்தது? சக்கர இடுக்கில் எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப்பக்கப் பேடுதான். பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியான காலிப்பர் நகர உதவும் ஊசி (pin) இறுகிப்போனால் உள்பக்கப் பேடு சீக்கிரம் கரைந்துவிடும். என் வண்டியில் வெளியே பாதிக்குப் பாதி இருந்தது. கழற்றினால் உள்ளே இரும்புத் தகடே பல்லிளித்தது. அதனால் சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் பாருங்கள்.

டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். அதற்கு மேல் தாராளமாக இருந்து, ஆழமான கீறல், வெடிப்பு, பிரேக் பிடிக்கையில் ஸ்டியரிங் உதறல் எதுவும் இல்லையென்றால் டிஸ்க் அப்படியே இருக்கட்டும்.

காலைச் சத்தம் பெரும்பாலும் இரவு ஈரத்தில் படிந்த மெல்லிய துரு. நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். கரகரவென்று அரைத்தால் மட்டும் தயவுசெய்து வண்டியை எடுக்காதீர்கள். அப்புறம், எப்போது மாற்றினாலும் இடது, வலது சக்கரங்கள் இரண்டிலும் சேர்த்தே மாற்றுங்கள்.