மேற்கோள் கணக்கு: செல் உயிரியல் பிள்ளைகளுக்குச் சில பதில்கள்

கும்பகோணத்தில் ஒரு கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை மற்றக் கட்டுரைகள் எத்தனை முறை சுட்டுகின்றன என்ற மேற்கோள் கணக்கைப் பார்ப்பது அப்போது வேலை, இப்போது பழக்கம். டெல்டாவில் செல் உயிரியல் ஆராய்ச்சி செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எச்-குறியீடு என்றால் என்ன ஐயா? வழிகாட்டியிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. (ஆய்வு மாணவி, திருவாரூர்)

வெட்கம் எதற்கு அம்மா? வழிகாட்டிகளிலும் பலருக்கு எண் தெரியும், கணக்குத் தெரியாது. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். 40, 22, 9, 6, 5, 3 என்று வந்தால், ஐந்தாவது கட்டுரைக்கு 5 இருக்கிறது. ஆறாவதற்கு 6 இல்லை. எத்தனையாவது கட்டுரை வரை மேற்கோள் அதன் வரிசை எண்ணுக்குக் குறையாமல் இருக்கிறதோ, அதுதான் எச். ஆகவே இங்கே எச் 5. ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன கணக்கு இது. முதல் கட்டுரைக்கு 40 போய் 4,000 வந்தாலும் எச் 5தான். ஆராய்ச்சியை விட்டுப் பத்தாண்டு ஆனவருக்கும் அது ஏறலாம்.

கேள்வி: கூகுள் ஸ்காலரில் எனக்கு எச் 14, ஸ்கோபஸில் 9. எது பொய்? (உதவிப் பேராசிரியர், மன்னார்குடி)

இரண்டும் மெய். இரண்டும் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் திரட்டும் தளங்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுத் தாள் என்று கண்டதையெல்லாம் வாரிக் கூட்டும். ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் எண்ணும். மரக்கால் மாறினால் அளவும் மாறும். விண்ணப்பத்தில் எண்ணோடு எந்தத் தளம், எந்தத் தேதி என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: என் கட்டுரைகளில் பாதி என் கணக்கில் வரவே இல்லை. (ஆய்வாளர், பட்டுக்கோட்டை)

தலைப்பெழுத்து செய்யும் வேலை தம்பி. உங்கள் பெயர் ரா. செந்தில் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இதழ் அப்படியே போட்டது. இன்னோர் இதழ் தலைப்பெழுத்தை விரிக்கச் சொன்னதால் செந்தில் ராமசாமி ஆனீர்கள். தளம் ராமசாமியைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது. உழைத்தது நீங்கள், மேற்கோள் அப்பாவுக்கு! ஆய்வாளரைப் பெயர் மாறினாலும் அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண் ஒன்றை இன்றே வாங்குங்கள், இலவசம். இனி அனுப்பும் கட்டுரை ஒவ்வொன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலோடு அந்த எண்ணையும் கொடுங்கள். அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரை உங்கள் கணக்கில் வந்து விழுந்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். நேர்முகத் தேர்வில் அப்படி மாட்டி விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வழிகாட்டிக்கு 2,000 பேருக்கு மேல் இணையாசிரியர்கள் என்று, யார் யாரோடு சேர்ந்து எழுதினார் என்பதைக் கோடுகளால் காட்டும் வரைபடம் சொல்கிறது. அவ்வளவு பெரிய கூட்டுறவா? (ஆய்வு மாணவர், நாகப்பட்டினம்)

அவர் ஆட்டோபேஜி ஆய்வாளரா? செல் தன் பாகங்களைத் தானே செரித்துக்கொள்ளும் அந்த வினையை அளப்பது எப்படி என்று 2016இல் ஒரு வழிகாட்டிக் கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் மட்டும் 2,000 பேருக்கு மேல். 2,000 பேரை இருவர் இருவராக இணைத்தாலே சுமார் 20 லட்சம் கோடுகள் விழும். ஒரே கட்டுரையில் உலகமே உறவாகிவிடும். அந்தக் கட்டுரையை ஒதுக்கிவிட்டு மறுபடி வரையுங்கள். ஒதுக்க மனமில்லையென்றால், பத்துப் பேர் எழுதிய கட்டுரையில் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று பிரித்து எண்ணும் முறை இருக்கிறது. லைடன் பல்கலைக்கழகத்தின் வோஸ்வியூவர் என்ற வரைபட மென்பொருள் இரண்டு வகையிலும் வரைந்து தரும்.

படம் வந்த பிறகு நான் முதலில் பார்ப்பது, ஓர் ஆய்வாளர் ஒரே ஆளோடு எத்தனை ஆண்டு தொடர்ந்து எழுதியிருக்கிறார் என்பதை. சோதனைக்கான மாதிரியை ஒருமுறை அனுப்பிவிட்டுக் கட்டுரையில் பெயர் வாங்கிக்கொள்வது ஒரு வகை. ஐந்தாண்டு சேர்ந்து உழைப்பது வேறு. அடுத்து, அந்த ஆய்வாளரைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் எந்த இரு குழுக்கள் அறுபடுகின்றன என்று பார்ப்பேன். வாய்க்காலுக்கு மதகு போல அப்படிச் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு எச் குறைவாகவே இருக்கலாம். பெயர் நிற்கும் இடத்தையும் பாருங்கள். செல் உயிரியலில் பெரும்பாலும் சோதனையைச் செய்தவர் முதலில், ஆய்வகத் தலைவர் கடைசியில். நடுவில் நிற்பவரின் பங்கை அறிய, கட்டுரை முடிவில் வரும் பங்களிப்புக் குறிப்பைப் படிக்காமல் வேறு வழியில்லை.

கேள்வி: எனக்கு எச் 13, கணிதம் படித்த கணவருக்கு 6. வீட்டில் தினமும் இதே பேச்சு. (பேராசிரியை, மயிலாடுதுறை)

குறுவை மகசூலைக் காட்டிச் சம்பாவைப் பழிக்கலாமா அம்மா? செல் உயிரியலில் மேற்கோள் விரைவாகவும் நிறையவும் விழும். கணிதத்தில் மெல்ல வரும். துறை, ஆண்டு, கட்டுரை வகை மூன்றையும் சமன்செய்த அளவை எடுங்கள். அதில் உலகச் சராசரி 1. கணவர் உங்களை முந்திவிட்டால் என்னைத் திட்டாதீர்கள்.

கேள்வி: ஒருவர் தன் கட்டுரையைத் தானே சுட்டிய மேற்கோளைக் கழிக்க வேண்டுமா?

கழித்தும் கழிக்காமலும் இரண்டையும் எழுதுங்கள்.

கேள்வி: இம்பாக்ட் ஃபாக்டர் பெரிதாக உள்ள இதழில் வந்தால்தான் மதிப்பா? (ஆய்வு மாணவி, தஞ்சாவூர்)

அது இதழின் இரண்டாண்டுக் கட்டுரைகளுக்கு விழும் மேற்கோளின் சராசரி. சில கட்டுரைகள் தூக்க, மற்றவை நிழலில் இருக்கும். அதை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்று சொன்ன சான் பிரான்சிஸ்கோ பிரகடனம், அமெரிக்க செல் உயிரியல் கழகத்தின் 2012 கூட்டத்தில்தான் கருக்கொண்டது. உங்கள் துறைக்காரர்களே சொன்னது! ஆட்டோபேஜி நடக்காத ஈஸ்ட் வகைகளைப் பிரித்துக் காட்டிய ஜப்பானிய உயிரியலாளர் யோஷினோரி ஓசுமியின் 1993ஆம் ஆண்டுக் கட்டுரை ஃபெப்ஸ் லெட்டர்ஸ் என்ற ஆரவாரமில்லாத இதழில் வந்தது. 2016இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

கேள்வி: இந்த எண்ணும் வித்தை முழுக்க வெளிநாட்டுச் சரக்குதானா? (நூலகர், சிதம்பரம்)

நூலக வேலையை எண்களால் அளக்க வேண்டும் என்று 1948இல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா மாநாட்டில் சொல்லி, அதற்கு லைப்ரமெட்ரி என்று பெயரும் வைத்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். உங்களுக்குப் பக்கத்துச் சீர்காழிக்காரர். அவருடைய எஸ் ஊரைக் குறிக்கும் சியாழி, ஆர் தந்தை ராமாமிருதம். பட்டுக்கோட்டைத் தம்பி கவனிக்க.