லேப்டாப்: மகன் கழற்றலாமா, கடைக்குப் போகணுமா?

கேள்வி: எங்கள் வீட்டு லேப்டாப் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. ஆன் ஆகவே ஐந்து நிமிடம் பிடிக்கிறது. பேட்டரி அரை மணி நேரம் நிற்பதில்லை. கீபோர்டில் நாலைந்து எழுத்து விழுவதில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் காட்டினோம். 'எல்லாம் மாத்தணும்' என்று மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார்கள். மகனோ ஆன்லைனில் பார்ட்ஸ் வாங்கித் தானே மாட்டிவிடுவதாகச் சொல்கிறான். எது சரி?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: செலவு செய்யும் முன் அந்த லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஏற்காது என்றால் மூன்றையும் மாற்றுவது வீண்.

ஆன் ஆகத் தாமதமாவதற்குப் பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்க்தான் காரணம். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) போட்டால் ஆளே மாறிவிடும். இதை மகனிடம் தாராளமாக விடலாம். ஆனால் மெல்லிய பட்டை போன்ற எம்.2 வகை எஸ்.எஸ்.டி. என்றால் அதில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு உண்டு; பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், மாற்றி வாங்கினால் வேலை செய்யாது. மாடல் எண்ணை வைத்துச் சரிபார்த்து வாங்கட்டும். போட்டோ, பாடக் குறிப்பு எல்லாவற்றையும் முதலில் வேறிடத்தில் காப்பி எடுக்க வேண்டும். சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைத்தான் முதலில் கழற்ற வேண்டும். ஸ்குரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. எது எங்கே இருந்தது என்று ஒரு தாளில் படம் போட்டு அதன் மேலேயே வைக்கச் சொல்லுங்கள். குட்டை ஸ்குரூ இடத்தில் நீளமானதை முறுக்கினால் மேல்பக்கம் புடைத்துவிடும், போர்டும் கெடலாம்.

பேட்டரியும் ஸ்குரூ போட்டதென்றால் பழையதில் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரைப் பார்த்து வாங்கி அவனே மாட்டலாம். ஆனால் டச்பேட் மேலே எழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் சார்ஜ் போடாதீர்கள், ஸ்குரூ டிரைவரால் நெம்பவும் வேண்டாம். கடைக்காரர் எடுக்கட்டும்.

கீபோர்டுக்குக் கடைதான். இப்போதைய பல மாடல்களில் அதை மேல்மூடியோடு பிளாஸ்டிக் ரிவெட் அடித்து வைத்திருப்பார்கள். மதர்போர்டு வரை கழற்றினால்தான் கைக்கு வரும். ரிப்பன் கேபிளைப் பிடிக்கும் பூட்டு நகம் அளவுதான் இருக்கும், ஒடிந்தால் தொலைந்தது. அதுவரை சில நூறு ரூபாய்க்கு ஒரு யு.எஸ்.பி. கீபோர்டு போதும். உண்மையில் படிக்கிற பிள்ளைக்கு அதுவே காலம் தள்ளும்!

கடையில் மொத்தத் தொகைக்குத் தலையாட்டாதீர்கள். பார்ட்ஸ் விலை, கூலி, வாரண்டி மூன்றையும் பில்லில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம், திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில் இல்லாவிட்டால் அங்கே பேச வாயிருக்காது.

அம்பையிலிருந்து கிளம்பும் முன் மாடல் எண்ணைச் சொல்லி, கீபோர்டு கையிருப்பில் இருக்கிறதா என்று போனில் கேட்டுவிடுங்கள். வரவழைக்க வேண்டும் என்றால், அது வந்த பிறகு லேப்டாப்பைக் கொண்டுபோனால் போதும்.