30 மணி நேரமும் ஒரு தூண்டிலும்

அன்புள்ள சார்,

நான் ஈரோட்டில் எலும்பு மருத்துவர். கல்லூரி நண்பர்கள் பன்னிரண்டு பேர் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி மூன்று நாள் ஊட்டி வருகிறோம். காலையிலிருந்து மாலை வரை சிஎம்இ (மருத்துவர்களுக்கான தொடர்கல்வி) வகுப்பு, அப்புறம் அவலாஞ்சிப் பக்கம் ஃபிளை ஃபிஷிங், அதாவது பொய்ப்பூச்சி வீசி மீன் பிடிப்பது. அமெரிக்காவில் இருக்கும் எங்கள் செட் நண்பன் மொன்டானாவில் இப்படி ஒரு வகுப்புக்குப் போய் வந்து போட்ட படங்கள்தான் ஆரம்பம். நான் சின்ன வயதில் காலிங்கராயன் வாய்க்காலில் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்தவன், மற்றவர்கள் தூண்டிலையே தொட்டதில்லை. 'படிப்புன்னு பேர் வச்சுட்டு மீன் பிடிக்கப் போறீங்க' என்கிறாள் மனைவி. அவளும் மருத்துவர் என்பதால் வாயைத் திறக்க முடியவில்லை. தங்கும் செலவை ஒரு மருந்து கம்பெனி பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறது. நீங்கள் அந்த மலையில் இருப்பவர். இது தப்பா?

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள டாக்டர்,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். கம்பெனிப் பணம் வேண்டாம். மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளில் 2009-லேயே திருத்தம் வந்துவிட்டது, மருந்து கம்பெனியிடம் பயணச் செலவோ தங்குமிடமோ வாங்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் என்னிடம் கேட்கிறீர்கள், 'பரவாயில்லை' என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்று. ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் முடிகிற செலவு.

மீன் பிடிப்பதில் தப்பு என்ன இருக்கிறது? ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் படிக்கச் சொல்கிறது அதே விதி. அதைக் குளிர்சாதன ஹாலில் பிரியாணிக்கு நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தும் முடிக்கிறார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு ஷாப்பிங் போகிறவர்களும் உண்டு. (என் தங்கை மருத்துவர், அவள் சொல்லிக் கேட்டது.) எனக்கு உறுத்துவது வேறு. நீங்கள் அனுப்பிய நிரலில் இருக்கும் நான்கு வகுப்புகளில் ஒன்றுகூட இந்த மலைக்கு வந்துதான் கேட்க வேண்டும் என்று இல்லை. மூட்டு மாற்றுச் சிகிச்சையின் புது உபகரணங்கள் பற்றி ஈரோட்டிலேயே, செல்போனிலேயே கேட்கலாமே. அதற்காக இத்தனை கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

இந்த மலைக்கு வந்துதான் கேட்க வேண்டிய வகுப்பும் ஒன்று உண்டு. இந்தியாவில் அரிவாள் செல் ரத்தசோகையை (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) முதலில் கண்டு எழுதியது இந்த நீலகிரிப் பழங்குடிகளிடம்தான், 1952-ல். லேமன், கட்புஷ் என்ற இருவர். இன்றும் இருளர், பணியர், குறும்பர் குடும்பங்களில் அது இருக்கிறது. ரத்த நோய்தானே, எலும்பு மருத்துவருக்கு என்ன என்று விட முடியாது. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போவது இந்த நோயில் சகஜம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபது வயதுப் பையன் நொண்டிக்கொண்டு வந்தால் முதலில் எதைச் சந்தேகிக்க வேண்டும், கூடலூர், கோத்தகிரிப் பக்கம் பல வருடமாக இதைப் பார்க்கும் மருத்துவர்கள் சொல்வார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு அரை நாள் பேசச் சொல்லுங்கள், கேட்க நானே பின்வரிசையில் வந்து உட்காருகிறேன். மருத்துவக் கவுன்சிலில் முன்னாலேயே விண்ணப்பித்து அங்கீகாரம் வாங்கிவிடுங்கள், அப்போதுதான் மணிக்கணக்கு சேரும்.

இன்னொரு வகுப்பை ஓடைக்கரையிலேயே வைக்கலாம். சதையில் ஏறிய தூண்டில் முள்ளை எடுப்பது எப்படி? நான் பழகிய முதல் வாரத்தில் வீசிய முள் திரும்பி வந்து என் தோள்பட்டையிலேயே ஏறியது. கூட வந்த உள்ளூர்க்காரர் முள்ளின் வளைவில் ஒரு நூலைச் சுற்றினார், முள்ளின் தண்டைத் தோலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, 'அங்க பாருங்க சார், காட்டெருமை' என்றார். பார்த்தேன். வெடுக்கென்று ஒரே இழு, முள் வெளியே. காட்டெருமை எதுவும் இல்லை. இது மருத்துவப் புத்தகங்களிலும் இருக்கிற முறைதான் என்று அப்புறம் தெரிந்தது. காதுமடல் மாதிரி ஆடுகிற இடத்தில் செய்யக் கூடாது, கண் பக்கம் கைவைக்கவே கூடாது.

நேரத்தையும் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள். நீங்கள் பிடிக்கப்போகும் ட்ரௌட் மீன் இரை எடுப்பது பெரும்பாலும் விடியற்காலையும் சாயங்காலமும். வெயில் ஏறினால் நிழலுக்குள் போய்விடும். மீன் சும்மா இருக்கும் உச்சி நேரத்தில் வகுப்பை வையுங்கள்.

ஃபிளை ஃபிஷிங் உங்கள் வாய்க்கால் தூண்டில் இல்லை. அங்கே இரையின் கனம் தங்கூஸைத் தூக்கிக்கொண்டு போகும். இங்கே முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிக்குக் கனமே கிடையாது, கனமெல்லாம் கயிற்றில்தான். கயிற்றைப் பின்னால் வீசி, அது முழுக்க நீளும்வரை காத்திருந்து, அப்புறம் முன்னால் கொண்டுவர வேண்டும். அந்த அரை நொடி பொறுக்காதவர்களுக்குச் சாட்டை சொடுக்கிய மாதிரி சத்தம் கேட்கும், பூச்சி அறுந்து எங்கேயோ போயிருக்கும். மணிக்கட்டை ஆட்டாமல் முன்கையால் வீசுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் பன்னிரண்டு எலும்பு மருத்துவர்களும் ஒருவர் முழங்கையை ஒருவர் பரிசோதித்துக்கொண்டிருப்பீர்கள். மீன் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும், அதனால் கீழ்ப்பக்கமிருந்து அதன் முதுகுப்புறமாகப் போக வேண்டும். முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொக்கியை நசுக்கிவிடுங்கள், விடப்போகிற மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த கை அதன் மேல் வழவழப்பை உரித்துவிடும்.

அந்த ட்ரௌட்டும் உங்களைப் போல வெளியூர்தான். இன்று இங்கே இருப்பது ரெயின்போ ட்ரௌட், வடஅமெரிக்காவின் பசிபிக் கரைப் பக்கத்து மீன். இந்த மலையில் ட்ரௌட்டை வளர்க்க 1860-களில் முயன்று தோற்றவர் பிரான்சிஸ் டே. மதராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்து, பிறகு மீன் ஆராய்ச்சிக்கே போய்விட்டவர். உங்கள் கும்பலுக்கு முன்னோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவர் கைக்குத்தான் அது பிழைத்தது, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் வந்தது. வெள்ளைக்காரன் தன் ஊர் விளையாட்டுக்காக நம் ஓடையில் விட்ட மீன் என்ற கசப்பு எனக்கு உண்டு. வாட்டில் என்கிற சீகை மரமும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான். ஆனாலும் விடிகாலையில் ஒன்று மேலே வந்து பூச்சியைக் கவ்வும்போது அந்தக் கசப்பு எங்கே போகிறதோ தெரியவில்லை.

ஆகஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் அவலாஞ்சி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. டிசம்பருக்குப் பிறகு வாருங்கள், மழை விட்டு ஓடை தெளிந்திருக்கும். மீன்பிடி அனுமதியை மீன்வளத் துறையிடமும் காட்டுக்குள் போவதை வனத்துறையிடமும் நேரில் கேட்டு, அவர்கள் விடும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். 'நான் பார்த்துக்கிறேன் சார்' என்று வாட்ஸப்பில் வரும் ஆளை நம்பாதீர்கள். மலையேற இ-பாஸ் எடுக்க வேண்டும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கீழேயே விட்டுவிட வேண்டும்.

மனைவியையும் அழைத்து வாருங்கள். அவருக்கும் அந்த 30 மணி நேரம் தேவைதானே.

அன்புடன்,
குன்னூரிலிருந்து