கேள்வி நேரம்: ஹூஸ்டனுக்கு அடியில் மதியச் சாப்பாடு

கேள்வி: ஐயா, ஹூஸ்டனில் வேலை பார்க்கும் என் மகன், மதியம் சாப்பிடத் தினமும் சுரங்கப்பாதைக்குள் போவதாகச் சொல்கிறான். எனக்கோ மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் நம் ஊர்ச் சுரங்கப்பாதைதான் கண்முன் வருகிறது. அடுத்த மாதம் அங்கே போகிறோம். நாங்களும் பார்க்க முடியுமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: கலங்காதீர்கள் அம்மா. உங்கள் மகன் ஏசி காற்றில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். தெருவுக்குச் சுமார் 20 அடி கீழே, ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒரு அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தையும் அடுத்ததையும் கோத்துக்கொண்டு போகிறது அந்தப் பாதை. 1930களில் தொடங்கியது. ரயில் கிடையாது, அந்த ஊர் ரயில் மேலே தெருவில் ஓடுகிறது. கீழே இருப்பதெல்லாம் சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தகம், மருந்துக் கடை, கழுத்தில் அடையாள அட்டையோடு விரையும் கூட்டம்.

நான் போனது ஒரு ஆகஸ்ட் மாதம். மகள் வீட்டிலிருந்து உற்சாகமாகக் கிளம்பி, நகர மையத்தில் இறங்கி, கதவைத் தள்ளினால் பூட்டு. சனிக்கிழமை! பாதையில் பெரும்பகுதி அந்தந்தக் கட்டடக்காரர்களுக்குச் சொந்தம். அலுவலகம் இல்லாத நாளில் அவர்கள் எதற்காகத் திறந்து வைக்கப் போகிறார்கள்? திங்கட்கிழமை மறுபடி போனேன். தெருவிலிருந்து நேரே இறங்கும் வழிகள் மிகக் குறைவு. லூசியானா தெருவில் வெல்ஸ் ஃபார்கோ பிளாசாவில் ஒன்று இருக்கிறது. மற்றபடி ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் நுழைந்துதான் இறங்க வேண்டும்.

உள்ளே சூரியன் இல்லாததால் திசை தெரியவில்லை. வழி கேட்டதற்கு ஒருவர், "தரையைப் பாருங்கள்" என்றார். கம்பளம் போய்ப் பளிங்கு வந்தால் அடுத்த கட்டடத்துக்கு வந்துவிட்டோம் என்று கணக்காம். வெளியே ஏறி வந்த நொடியில் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, படியிலேயே நின்று துடைத்துக்கொண்டேன். அந்தப் புழுக்கத்துக்குப் பயந்துதான் கீழே போகிறார்கள்.

உங்கள் தண்ணீர் பயமும் அடியோடு பொய்யில்லை. 2001 ஜூனில் அலிசன் புயல்மழையில் அந்தச் சுரங்கங்களிலும் வெள்ளம் புகுந்தது.

வார நாளில், பன்னிரண்டு மணிக்கு முன்னால் போங்கள். மூன்று மணிக்கு மேல் பல கடைகளில் நாற்காலியைக் கவிழ்த்து மேசைமேல் ஏற்றிவிடுகிறார்கள்.

கேள்வி: தி.நகர் ஆகாய நடைமேம்பாலத்துக்கும் அப்படி ஏசி போட்டால் என்ன?
(வாசகர், மேற்கு மாம்பலம்)

பதில்: 2023 மே மாதம் திறந்தது முதல் நானும் அதில் வியர்க்க வியர்க்க நடப்பவன்தான். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையம் வரை 570 மீட்டர். குளிர் வெளியேறாமல் இருக்க நாலு பக்கமும் அடைக்க வேண்டும், கதவு வைக்க வேண்டும். கதவு வைத்தால் சாவி ஒருவர் கையில் இருக்கும். அவர் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டால், கீழே ரங்கநாதன் தெருவில் இறங்கி நடக்க நீங்கள் தயாரா?