கேளுங்க, சொல்லுதேன்

கேள்வி: நாகர்கோவில் நகருக்குள் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கட்டடம் பழசாகிவிட்டது, ஊருக்கு வெளியே புது வீடு தருகிறோம் என்கிறார்கள். விடியக்காலம் தோவாளையில் பூ எடுத்து வடசேரியில் விற்பவள் நான். போகலாமா?
— வாசகி, வடசேரி

பதில்: பெயின்ட் பளபளப்பைப் பாத்து மயங்கிராதீங்க அக்கா. அங்கேருந்து முதல் பஸ் எத்தனை மணிக்குன்னு கேளுங்க. பிச்சிப்பூ காத்துக் கிடக்காது. சென்னையில ஆத்தங்கரைச் சனங்கள 2000 வாக்குல ஊருக்கு வெளிய இருக்க கண்ணகி நகருக்கும், 2015 வெள்ளத்துக்குப் பெறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனாங்க. வீடு கிடைச்சுது, ஆனா நகரத்துல வீட்டுவேலை பாத்த பொம்பளைங்க பலபேருக்கு வேலை போச்சு. பெரும்பாக்கத்துல ஏழு மாடி வேற. லிஃப்ட் நின்னா பூக்கடவத்தோட ஏறிப் பாருங்க!

1970-ல குடிசை மாற்று வாரியம் தொடங்கின காலத்துல, பெரும்பாலும் இருந்த இடத்துலயே மாடி கட்டிக் குடுத்தாங்க. (2021-ல ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’னு பேரை மட்டும் நீளமாக்கியாச்சு.) அதையே நீங்களும் கேளுங்க: இடிச்சுக் கட்டட்டும், அதுவரை வாடகைக்கு ஒரு தொகை தரட்டும், திரும்பி வர ஒதுக்கீட்டை எழுத்துல தரட்டும். வாய்வார்த்தை ஆகாது. தனியா போகாம, குடியிருப்புக்காரங்க எல்லாரும் சேந்து திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாள்ல குடுங்க. ரசீது வாங்க மறக்காதீங்க.