நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன பரீட்சை?

கேள்வி: பொறுமையாகக் காத்திருக்கும் குழந்தைகள்தான் பிற்காலத்தில் நன்றாகப் படிப்பார்கள் என்று ஓர் அமெரிக்க ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன். என் நாலு வயது மகன் முன்னால் ஒரு சாக்லேட்டை வைத்து, "அம்மா வரும்வரை தொடாமல் இருந்தால் இரண்டு தருவேன்" என்றேன். "சைக்கிள் மாதிரி ஏமாத்த மாட்டியே?" என்று கேட்டான். நான் சமையலறைக்குள் போவதற்குள் வாயில் போட்டுக்கொண்டான். அண்ணன் மகன் பத்து நிமிடம் அசையாமல் இருந்தான். அண்ணி முன்னால் மானம் போயிற்று. இவன் எதிர்காலம் என்ன ஆகுமோ?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: சைக்கிள் என்ன ஆயிற்று அம்மா? சாக்லேட்டைப் பற்றி இவ்வளவு எழுதியவர், அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பிங் நர்சரிப் பள்ளியில் உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வைத்தான் நீங்கள் படித்திருக்கிறீர்கள். அவர் செய்தது பரிசோதனை. சில குழந்தைகளுக்குத் தின்பண்டத்தைக் கண்ணெதிரே வைத்தார், சிலருக்கு மறைத்து வைத்தார். மறைத்தபோது அதிக நேரம் காத்திருந்தார்கள். எது காத்திருக்க உதவுகிறது என்று பார்த்தாரே தவிர, எந்தப் பிள்ளை தேறும் என்று தரம் பிரிக்கவில்லை. படிப்புச் சமாச்சாரம் பின்னால் வந்தது. வளர்ந்த பிள்ளைகளின் மதிப்பெண்ணை அன்று காத்திருந்த நேரத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். அது தொடர்பைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. 2018-ல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை எடுத்து, குடும்பப் பின்னணியையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்தத் தொடர்பும் பெருமளவு தேய்ந்துவிட்டது.

நீங்கள் செய்தது பரிசோதனையும் இல்லை, பல பிள்ளைகளைப் பொருத்திப் பார்த்த ஆய்வும் இல்லை. இரண்டு பிள்ளைகளை ஒரே ஒரு தடவை உட்கார வைத்துப் பார்த்தீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் ஆய்வு ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது, 2013-ல் வெளியானது. 28 குழந்தைகளிடம் பழைய கிரேயான்களைக் கொடுத்து, பொறுத்திருந்தால் இதைவிட நல்லதாகக் கொண்டுவருகிறோம் என்றார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். ஸ்டிக்கரிலும் அப்படியே. அப்புறம்தான் மார்ஷ்மெல்லோ மிட்டாயை முன்னால் வைத்து, காத்திருந்தால் இரண்டு என்றார்கள். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட 14 பேரில் 9 பேர் 15 நிமிடமும் காத்திருந்தார்கள். ஏமாந்த 14 பேரில் ஒரே ஒரு குழந்தை. ஆராய்ச்சியாளர்களே ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, மற்றதை அப்படியே வைத்து விளைவைப் பார்த்ததால், இங்கே காரணத்தைக் கைகாட்ட முடிகிறது.

உங்கள் மகன் அதனால்தான் தின்றான் என்று ஒரு தடவை நடந்ததை வைத்து நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் வாய்விட்டே கேட்டானே! அதைக் காதில் வாங்காமல், அண்ணி என்ன நினைப்பாரோ என்று மருகுகிறீர்கள். சீட்டுப் பணம் ஒரு மாதம் தவறினால் தூக்கம் வராது நமக்கு. பெற்ற பிள்ளையிடம் பட்ட கடன் மட்டும் எப்படி மறந்துபோகிறது? நீங்கள் வளர்த்த சந்தேகத்துக்குப் பொறுமையின்மை என்று பெயர் வைத்து, அதையும் அவன் தலையிலேயே கட்டுகிறீர்கள்.

உறவுக்காரர்கள் நடுவில் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதை இன்றோடு விடுங்கள். சைக்கிளை இந்த மாதம் வாங்க முடிந்தால் வாங்குங்கள். பணம் முடை என்றால், அவன் அப்பாவும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து அவனிடம் சொல்லுங்கள்: இன்ன மாதம் வாங்குவோம் என்று. நிச்சயம் முடிகிற மாதமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.